இரு சூரியர்களின் இடைவெளி

புதுச்சேரியில் தங்கியிருந்த ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், 1689-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வானில் தோன்றிய ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தென்திசையில் தாழ்ந்து சுடர்விடும் ஆல்பா சென்டாரி என்னும் நட்சத்திரத்தை உற்றுநோக்கி, வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்தச் சுடர் உண்மையில் இரண்டு என்பதைக் கண்டு குறித்துவைத்தார். நம் சூரியனுக்கு அடுத்த வீட்டார் என்று சொல்லத்தக்க நட்சத்திரக் குடும்பத்தில் இரு சூரியர்கள் சேர்ந்து வாழ்கின்றன என்ற செய்தி, இவ்வாறு சோழமண்டலக் கடற்கரையிலிருந்தே உலகுக்குத் தெரியவந்தது.

அந்நாளில் இத்தகைய இரட்டைகளைக் கண்டோர் பலரும், தொலைவில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு பனைகள் நம் கண்ணுக்கு ஒட்டி நிற்பனபோலத் தோன்றும் மயக்கத்தைப் போன்றதே இதுவும் என்று கருதிவந்தனர். இத்தனை இரட்டைகள் தற்செயலாக அமைய இயலாது என்று ஜான் மிச்செல் 1767-இல் கணக்கிட்டு வாதித்தார். வில்லியம் ஹெர்ஷல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையுடன் அளந்துபார்த்து, மிதுன ராசியிலுள்ள காஸ்டர் முதலிய சில இணைகள் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன என்பதை 1803-இல் நிலைநாட்டினார். சூரியனை ஒத்த நட்சத்திரங்களில் ஏறக்குறையப் பாதி துணையோடு வாழ்பவை என்று இன்று அறிகிறோம். ஆகவே இரு சூரியர் எழும் ஓர் உலகத்தை எண்ணிப்பார்ப்பவன், பிரபஞ்சத்தில் எங்கும் நிறைந்துள்ள ஒரு சாத்தியத்தைத்தான் எண்ணிப்பார்க்கிறான்.

ஆனால் எண்ணிப்பார்ப்பதற்கும் ஒரு நியதி உண்டு என்பதை உணர்த்தும் வரலாறு ஒன்று சென்னையிலேயே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய கேப்டன் ஜேக்கப், ஓபியூக்கஸ் மண்டலத்தில் 70 என்ற எண்ணால் குறிக்கப்படும் இரட்டை நட்சத்திரத்தின் இயக்கத்தில் சில பிசகுகளைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கிரகம் அங்கே இருப்பது பெரிதும் சாத்தியமே என்று 1855-இல் அறிவித்தார். வேறொரு சூரியனுக்குக் கிரகம் உண்டென்று அளவீடுகளைக் காட்டி எழுந்த முதல் உரிமைகோரல் அதுவேயாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே இணையில் இருண்ட துணை ஒன்று 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருவதாக எழுத, ஃபாரஸ்ட் மௌல்ட்டன் என்னும் கணித அறிஞர், அத்தகைய பாதையில் செல்லும் எந்தப் பொருளும் இரு நட்சத்திரங்களின் இழுப்புக்கு நடுவே நிலைத்திருக்க இயலாது என்று 1899-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கிரகம் இருக்கிறதா இல்லையா என்பதைக் காண்பதற்கு முன்னரே, அது இருக்கக்கூடுமா என்பதைக் கணிதம் தீர்மானித்துவிடலாம் என்னும் பாடத்தை அந்தச் சம்பவம் நமக்குத் தருகிறது.

அந்தப் பாடத்தை மனத்திற்கொண்டு, நாமும் ஓர் இரட்டைச் சூரியக் குடும்பத்தைச் சிருஷ்டித்துப் பார்ப்போம். இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலும் கிரகத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதன் கடலையும் காட்டையும் மனிதரையும் தீட்டி முடித்தபின், வானத்தில் இரண்டு சூரியர்களைத் தொங்கவிடுகிறார்கள். இது கூரையை முதலில் வேய்ந்துவிட்டுச் சுவருக்கு இடம் தேடுவதை ஒக்கும். முதலில் தீர்மானிக்கவேண்டியது இரு சூரியர்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்றே. கிரகம் எங்கே நிற்கலாம், அதன் இரவு எப்படியிருக்கும், அதன் பருவங்கள் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாறும் என்பனவெல்லாம், விதையிலிருந்து மரம் விரிவதுபோல, அந்த ஒரு தூரத்திலிருந்தே விரிகின்றன.

தூரத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரு சூரியர்களும் மிக நெருங்கி ஒன்றையொன்று விரைந்து சுற்ற, கிரகம் அவ்விரண்டையும் ஒருசேர வெளியிலிருந்து வலம்வருவது. 1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் இரு சூரியர்கள் அருகருகே அஸ்தமிக்கும் காட்சி இத்தகைய அமைப்பில்தான் கூடும். அந்தக் காட்சியை வெறுங்கற்பனை என்று எண்ணியிருந்த உலகம், 2011-இல் கெப்ளர்-16 என்ற இணையைச் சுற்றும் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டபோது வியந்தது. அங்கே இரு நட்சத்திரங்கள் 41 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்ற, சனியின் பருமனுள்ள கிரகம் ஒன்று 229 நாட்களில் இரண்டையும் சுற்றிவருகிறது. மற்றொரு வழி, இரு சூரியர்களும் வெகுதூரம் விலகி நிற்க, கிரகம் அவற்றுள் ஒன்றை மட்டும் தன் தலைவனாகக் கொண்டு சுற்றுவது. இவ்விரு வகைப் பாதைகளுக்கும் நடுப்பட்ட தூரங்களில் கிரகத்துக்கு வாழ்வில்லை. ஒரு சூரியன் இழுக்க, மற்றது பறிக்க, இறுதியில் அது ஒன்றில் மோதி அழியும், அல்லது குடும்பத்தைவிட்டே வெளியே எறியப்படும்.

நாம் இரண்டாவது வழியை மேற்கொள்வோம். தலைமைச் சூரியனுக்குப் பெருஞ்சுடர் என்று பெயரிட்டு, நம் சூரியனுக்குள்ள பொருண்மையையே அதற்கும் கொடுப்போம். துணைக்குச் சிறுசுடர் என்று பெயரிட்டு, சூரியனின் பொருண்மையில் பத்தில் ஆறு பங்கு கொடுப்போம். பொருண்மையைக் கொடுத்துவிட்டால் ஒளியைக் கொடுப்பது நம் விருப்பத்தில் இல்லை. நட்சத்திரத்தின் பொருண்மை சற்றே குறைந்தாலும் அதன் பிரகாசம் பெரிதும் குறைந்துவிடும் என்பது இயற்கையின் விதியாதலால், சிறுசுடர் வெளியிடும் சக்தி சூரியனுடையதில் நூற்றில் ஏழு பங்கு அளவே இருக்கும். சிக்கனமாகச் செலவிடுபவனின் செல்வம் நெடுநாள் நிற்பதுபோல அதன் ஆயுளும் நீளும். பெருஞ்சுடர் ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகளில் தன் எரிபொருளைத் தீர்த்துக்கொள்ள, சிறுசுடரோ அதைப்போல் பலமடங்கு காலம் எரிந்துகொண்டிருக்கும்.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அந்தத் தூரம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டரை வானியல் அலகு என்பார்கள். நம் இரு சூரியர்களுக்கும் இடையே சராசரியாக 18 அலகுத் தூரம் வைப்போம். நட்சத்திர இணைகள் பெரும்பாலும் நீள்வட்டப் பாதையில் செல்வனவாதலால், அவை நெருங்கும்போது 12 அலகும் விலகும்போது 24 அலகும் இருக்குமாறு அமைப்போம். தூரத்தின் கனத்தை, அதாவது அதனை மும்முறை பெருக்கி வருவதை, இரு சூரியர்களின் மொத்தப் பொருண்மையால் வகுத்தால், அவை சுற்றிவரும் ஆண்டுகளின் வர்க்கம் கிடைக்கும் என்பது கெப்ளர் கண்டு நியூட்டன் விரித்துரைத்த விதி. 18-இன் கனம் 5,832, அதை 1.6-ஆல் வகுத்தால் 3,645. அதன் வர்க்கமூலம் 60-க்குச் சற்று மேல். வியாழன் ஏறத்தாழ ஐந்து முறையும் சனி இரண்டு முறையும் வானை வலம்வரும் காலத்தை ஒட்டி, பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணிவரும் அறுபது ஆண்டுச் சக்கரம், இந்த உலகில் இரு சூரியர்களின் சுற்றாகவே வானில் எழுதப்பட்டிருக்கும்.

கிரகங்களுக்கு எல்லை வகுக்கும் வேலை அடுத்தது. இத்தகைய இணைகளில் எந்தப் பாதை நிலைக்கும், எது நிலைக்காது என்பதை ஹோல்மன், வீகெர்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் ஏராளமான பாதைகளைக் கணிப்பொறியில் ஓட்டிப்பார்த்து, 1999-இல் ஒரு சூத்திரமாக வகுத்துத் தந்தார்கள். நம் எண்களை அச்சூத்திரத்தில் இட்டால், பெருஞ்சுடரைச் சுற்றி ஏறத்தாழ மூன்றரை அலகு வரையும், சிறுசுடரைச் சுற்றி இரண்டரை அலகு வரையும் கிரகங்கள் அச்சமின்றி வாழலாம் என்று தெரிகிறது. இரண்டையும் ஒருசேரச் சுற்ற விரும்பும் கிரகமோ சுமார் 62 அலகுக்கு அப்பால்தான் நிற்கவேண்டும். அங்கே வெளிச்சமும் உஷ்ணமும் இன்றிப் பனி உருண்டைகளே சுற்றிக்கொண்டிருக்கும். நம் சூரிய குடும்பத்தில் வியாழன் 5.2 அலகில் இருக்கிறது. அந்த இடம் இங்கே எல்லைக்கு வெளியே கிடப்பதால், பெருஞ்சுடரின் குடும்பத்தில் வியாழனும் இல்லை, சனியும் இல்லை, அவற்றுக்கு அப்பாற்பட்ட எதுவும் இல்லை. நாம் தேர்ந்தெடுத்த ஒரு தூரம், கேளாமலே நான்கு பெருங்கிரகங்களைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டது.

எஞ்சிய இடத்தில் மூன்று கிரகங்களை வைத்து, அவற்றின் நிலத்தன்மைக்கு ஏற்பப் பாலை, மருதம், முல்லை என்று பெயரிடுவோம். பெருஞ்சுடருக்கு 0.4 அலகில் நிற்கும் பாலை, பூமி பெறுவதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் வெயிலைத் தாங்கி, 92 நாட்களில் தன் ஆண்டை முடித்துவிடும். 2 அலகில் நிற்கும் முல்லை, நாம் பெறும் ஒளியில் கால் பங்கை மட்டும் பெற்று, ஏறக்குறைய 1,033 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவரும். நடுவே, நம் பூமி நிற்கும் அதே ஓர் அலகுத் தூரத்தில், அதே 365 நாள் ஆண்டோடு மருதத்தை வைப்போம். தலைவனும் தூரமும் நமக்கிருப்பவையே என்பதால், இனி அங்கே நாம் காணப்போகும் வேற்றுமைகள் யாவும் இரண்டாம் சூரியனால் விளைந்தவை என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

மருதத்தில் நின்று நிமிர்ந்து நோக்கினால் சிறுசுடர் எப்படித் தெரியும்? அது 12 அலகுக்கு நெருங்கிவரும்போதுகூட, பெருஞ்சுடரைப்போல் வட்டமாகத் தெரியாமல், கண்ணைக் கூசவைக்கும் ஓர் ஒளிப்புள்ளியாகவே நிற்கும். அதன் சக்தியில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகப் போய்விடினும், எஞ்சிய ஒளி, நெருங்கிய ஆண்டுகளில் ஏறத்தாழ 80 முழுநிலாக்களுக்கும், விலகிய ஆண்டுகளில் 20 முழுநிலாக்களுக்கும் சமமாகும். விளக்கின்றி நூல் படிக்கலாம். வயலில் நாற்று நடலாம். இத்தகைய நட்சத்திரங்களை ஓவியர்கள் குருதிச் சிவப்பாகத் தீட்டுவது வழக்கமாயினும், சிறுசுடரின் மேற்பரப்பு சுமார் 4,000 டிகிரி வெப்பமுடையது. நம் வீடுகளில் எரிந்த இழை மின்விளக்கோ சுமார் 2,700 டிகிரியே. எனவே அதன் ஒளி அந்த மின்விளக்கைவிட வெண்மையாக, சற்றே பொன்னிறம் கலந்து விளங்கும். பகலில் பெருஞ்சுடரின் வெயில் அதனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலியதாதலால், ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல்கள் விழும் என்பதும் பிழை. இரவில்தான் சிறுசுடரின் நிழல் தெரியும். புள்ளியிலிருந்து வரும் ஒளியானபடியால், அந்த நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும்.

இனி ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். மருதம் தன் ஆண்டில் பெருஞ்சுடரை ஒருமுறை சுற்றும்போது, ஆண்டின் ஒரு பாதியில் சிறுசுடர் இரவு வானிலும், மறு பாதியில் பகல் வானிலும் நிற்கும். எதிர்த்திசையில் நிற்கும் நாட்களில், ஒரு சூரியன் மறைய மற்றது உதிக்கும். அப்போது இரவு என்ற ஒன்று பெயரளவிலேயே இருக்கும். ஆறு மாதங்கள் கழிந்தபின் இரண்டும் ஒருசேர உதித்து ஒருசேர மறைய, இருள் தன் முழு ஆட்சியோடு வந்து, பால்வீதியும் நட்சத்திரங்களும் வெளிப்படும். ஆகவே வெயிற்காலம், மழைக்காலம் என்பவற்றோடு, ஒளியிரவுக் காலம், இருளிரவுக் காலம் என்ற வேறிரு பருவங்களும் அங்கு உண்டு. சிறுசுடரும் அறுபது ஆண்டுகளில் வானை ஒருமுறை வலம்வருவதால், இப்பருவங்கள் ஆண்டுதோறும் சராசரியாக ஆறு நாட்கள் தள்ளிப்போகும்; இரு சூரியர்களும் நெருங்கியிருக்கும் காலத்தில் பதின்மூன்று நாட்களும், விலகியிருக்கும் காலத்தில் மூன்று நாட்களுமாக அந்த வேகம் மாறும். தன் இளமையில் மழைக்காலத்தை இருளோடு சேர்த்து அறிந்த ஒருவன், நடுவயதில் அதே மழை பொன்னொளி இரவுகளில் பெய்வதைக் காண்பான். இரவில் பூக்கும் மலர்களும், இருளை நம்பி இரைதேடும் உயிர்களும் அந்த நீண்ட கணக்குக்குத் தம்மை இசைத்துக்கொண்டே வாழவேண்டியிருக்கும்.

இரண்டாம் சூரியன் நெருங்கினால் மருதம் வெந்து கருகும் என்று எழுதுவோர் உண்டு. இந்தக் குடும்பத்தில் அப்படி நிகழாது. சிறுசுடர் மிக நெருங்கும்போதும் அதனிடமிருந்து வரும் உஷ்ணம், பெருஞ்சுடர் தருவதில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கே; அதனால் மருதத்தின் சராசரி வெப்பம் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குகூட உயராது. அதன் செல்வாக்கு வேறொரு வழியில், மெதுவாகவும் மறைவாகவும் வருகிறது. இடைவிடாத அதன் ஆகர்ஷண சக்தியால் மருதத்தின் பாதை, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை, வட்டத்துக்கு அண்மையிலிருந்து சற்று நீள்வட்டமாகி மீண்டும் வட்டத்தை நாடும். பாதை மிக நீளும் காலத்தில், ஆண்டின் அண்மை நாளில் விழும் வெயில், சேய்மை நாளில் விழுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு மிகுந்திருக்கும். பூமியில் இன்று இந்த வேற்றுமை நூற்றில் ஏழு பங்கே. பனிப்படலங்கள் வளர்வதும் தேய்வதும், ஆறுகள் பெருகுவதும் சுருங்குவதும் இந்த நெடிய தாளத்துக்கு ஏற்ப நிகழும். ஒளியால் செய்ய இயலாததை ஈர்ப்பு செய்துமுடிக்கிறது.

இந்தத் தாளம் கட்டுக்குள் இருக்கவேண்டுமாயின், மருதத்தின் பாதையும் சிறுசுடரின் பாதையும் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமையவேண்டும். அவற்றுக்கிடையே சாய்வு சுமார் 39 டிகிரிக்கு மேற்பட்டால், கிரகத்தின் வட்டப்பாதை படிப்படியாக நீண்டு, ஒருபுறம் அனலிலும் மறுபுறம் பனியிலும் அதனைத் தள்ளக்கூடும் என்று 1961-இல் ரஷ்யாவின் லிடோவும் 1962-இல் ஜப்பானின் கோசாயும் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஆதலால் அந்தச் சாய்வை நாம் சில டிகிரிகளுக்குள் அடக்கிவைப்போம்.

இனி எஞ்சுவது, இத்தகைய குடும்பத்தில் கிரகங்கள் பிறக்கவாவது கூடுமா என்ற வினா. இளம் நட்சத்திரத்தைச் சுற்றும் தூசும் வாயுவும் கலந்த தட்டிலிருந்தே கிரகங்கள் உருவாகின்றன. துணைச் சூரியன் அத்தட்டின் வெளிப்புறத்தை அரிந்து, எஞ்சியதையும் கலக்கிவிடுவதால், அங்கே பெரிய கிரகங்கள் பிறப்பது அரிது என்று நெடுங்காலம் ஐயுறப்பட்டது. அந்த ஐயத்துக்கு வானமே விடையளித்தது. காமா செபி என்னும் நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ 20 அலகுத் தூரத்தில் துணை ஒன்று உண்டு. அதன் பாதையும் நம் சிறுசுடரின் பாதையைப் போன்றதே. அந்த நட்சத்திரத்தை வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று 2 அலகுத் தூரத்தில் சுற்றுவதாக 1988-இல் தோன்றிய ஊகம், இடையே கைவிடப்பட்டு, 2003-இல் உறுதியாயிற்று. ஆயினும் நீர் பனியாக உறையத் தொடங்கும் எல்லை, சூரியனை ஒத்த நட்சத்திரத்துக்குச் சுமார் 2.7 அலகில் இருக்கிறது. மூன்றரை அலகோடு முடியும் நம் குடும்பத்தில் பனிப்பாறைகள் திரண்டிருந்த நிலம் ஒரு குறுகிய வளையமே. மருதத்தின் கடல்களை நாம் பூமியின் கடல்களைவிட ஆழம் குறைந்தவையாகத் தீட்டினால், அது அதன் பிறப்புக்கு ஏற்றதாகவே இருக்கும்.

நாம் கையாண்ட முறையை இப்போது திரும்பிப் பார்ப்போம். சூரியர்களின் பொருண்மையையும் கிரகங்களின் இடத்தையும் சாய்வையும் தவிர, 18 என்ற ஓர் எண்ணையும் அதன் நெருக்கத்தையும் விலகலையும் மட்டுமே நாம் விரும்பித் தேர்ந்தெடுத்தோம். வியாழன் இல்லாத வானமும், கூர்மையான நிழல் விழும் இரவுகளும், ஆண்டுதோறும் நகர்ந்துசெல்லும் இருட்காலமும், பதினோராயிரம் ஆண்டுத் தாளமும், ஆழங்குறைந்த கடல்களும் அதன் பின்னே தாமாகவே வந்தன. அறுபது ஆண்டுகள் நிறைந்தவர்க்கு நாம் மணிவிழாச் செய்கிறோம். மருதத்தில் அந்த விழாவுக்கு உரியவன், தான் பிறந்த நாளில் இரு சூரியர்களும் நின்ற ஏறக்குறைய அதே இடங்களில் அவை மீண்டும் வந்து நிற்பதைத் தன் கண்ணாலேயே காண்பான். இப்படியொரு காட்சியை நாம் வலிந்து தேடவில்லை. கணக்கை நேர்மையாகப் போட்டதற்கு வெகுமதியாக அது கிடைத்தது. விஞ்ஞானக் கதை எழுத விரும்பும் தமிழ் இளைஞர்கள் நியதிகளைக் கண்டு அஞ்சாமல், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டே கற்பனைக்குப் புறப்படவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அப்படிப் புறப்படுவோர் முதலில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வைகாசி, ஆனி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில், மேகமில்லாத நாளொன்றில், தெற்கே மறைப்பின்றித் தெரியும் வெளியில் நின்று பாருங்கள். சிலுவை வடிவான நட்சத்திரக் கூட்டத்துக்குக் கிழக்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் நிற்கும். அவற்றுள் கிழக்கே இருப்பதும் அதிக ஒளி உடையதும் ஆல்பா சென்டாரி. புதுச்சேரியில் நின்ற பாதிரியார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாகக் கண்டது அதனையே. அந்த இரு சூரியர்களும் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள தூரம், நெருங்கும்போது 11 அலகு, விலகும்போது 36 அலகு.